பாட்டுதானேங்க, அதுக்கு என்ன? பெண்ணைத் திட்டும், துரத்தும், அடிக்கச் சொல்லும் பாட்டு வரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் பக்கம் பள்ளி, கல்லூரி, மகளிர் குழு என்று கூப்பிடுகிற இடங்களுக்குப் போய், பாட்டு வரிகளில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று பேசுகிறேன். என் பேச்சை விட, அது முடிந்ததும் வருகிற கேள்விகள்தான் சுவாரசியம். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டம்மா கேட்பது ஒரு மாதிரி, கருப்பூரில் முதுகலை படிக்கிற பையன் கேட்பது ஒரு மாதிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்பது வேறு மாதிரி. திரும்பத் திரும்ப வருகிறவற்றை, கேட்ட வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

பொண்ணைப் பத்தி வர்ற எல்லாப் பாட்டும் தப்புங்கிறீங்களா?

இல்லைங்க. காதலைப் பாடட்டும், ஏங்கட்டும், ஏமாந்து அழட்டும், கொஞ்சம் கிளுகிளுப்பாகக்கூடப் பாடட்டும். நான் பேசுவது மூன்று ரகப் பாட்டுகளைப் பற்றி மட்டும்.

முதல் ரகம், வெளிப்படையாக அடிதடி பேசுவது. 2011-ல் வந்த ஒரு சினிமாப் பாட்டில் காதலியை அடி, உதை, வெட்டு என்று வரிசையாக ஏவுகிற வரிகள் உண்டு. கல்லூரி சுற்றுலாப் பேருந்தில் பையன்கள் அதைக் கோரஸாகப் பாடக் கேட்டிருக்கிறேன். முன் இருக்கைகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, 'பொண்ணுங்களே இப்படித்தான்' ரகம். காதலில் தோற்ற ஒருவன், கையில் பாட்டில், சுற்றி நான்கு நண்பர்கள். விட்டுப் போனவள் ஒருத்தி, திட்டு வாங்குவது மொத்தப் பெண்களும். 'சூப் சாங்' என்று பையன்களே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, துரத்தல் பாட்டு. அவள் வேண்டாம் என்கிறாள், இவன் விடமாட்டேன் என்கிறான். வீட்டு வாசல், பஸ் ஸ்டாப், டியூஷன் என்று பின்னாலேயே போகிறான். கடைசிச் சரணத்தில் அவள் சிரித்துவிடுவாள்.

என் கணக்கில் மூன்றாவதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. கெட்ட வார்த்தை இருந்தால் அம்மா டிவியை நிறுத்திவிடுவார். துரத்தல் பாட்டு அழகான மெலடியாக வரும், வயலின் வரும், மழை பெய்யும். அம்மாவும் சமையலறையில் கூடவே முணுமுணுப்பார்.

பாட்டுக் கேட்டு எவனாச்சும் ஒரு பொண்ணை அடிச்சிருக்கானா? நேரா பதில் சொல்லுங்க.

ஒரு பாட்டு ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கிவிடும் என்று எந்த நல்ல ஆய்வும் சொல்வதில்லை. ஆய்வுகள் காட்டுவது அதைவிடச் சின்ன விஷயம். ஆனால் அது இருக்கிறது என்று காட்டுகின்றன.

ஜெர்மனியில் மியூனிக்கைச் சேர்ந்த ஃபிஷர், கிரைட்டமையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பேசப்பட்டது. சில ஆண்களுக்குப் பெண்களை இழிவு செய்யும் பாட்டுகளைப் போட்டார்கள், சிலருக்குச் சாதாரணப் பாட்டு. அப்புறம் வேறு ஏதோ ஒரு சோதனை என்று சொல்லி, இன்னொருவர் சாப்பிடுவதற்குக் காரமான மிளகாய் சாஸ் ஊற்றித் தரச் சொன்னார்கள். இழிவான பாட்டைக் கேட்டவர்கள், சாப்பிடப்போவது பெண் என்றால் அதிகமாக ஊற்றினார்கள். ஆண் என்றால் அப்படி ஊற்றவில்லை. அடுத்த கட்டத்தில் பெண்களின் குணங்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, கெட்ட குணங்கள்தான் அதிகம் வந்தன. ஆண்களைத் திட்டும் பாட்டைக் கேட்ட பெண்களிடமும் இதேபோல ஆண்களைப் பற்றிய கெட்ட குணங்கள் கூடுதலாக வந்தன என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆண் ஜாதியே கெட்டது என்று ஆய்வாளர்கள் நிரூபிக்கக் கிளம்பவில்லை.

இதற்கு முன்பே 1995-ல் அமெரிக்காவில் பரோங்கன், ஹால் என்ற இருவர் 54 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாட்டு கேட்ட பிறகு மூன்று வீடியோத் துண்டுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று சாதாரணமானது, மற்ற இரண்டில் பெண் மீது வன்முறை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த அறையிலிருந்து வரும் பெண்ணுக்குக் காட்ட வேண்டும். பெண்களை இழிவு செய்யும் ராப் கேட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர், ஒரு பெண் தாக்கப்படுகிற துண்டைக் காட்டினார்கள். சாதாரண ராப் கேட்டவர்களில் அது 7 சதவீதம். இரண்டு குழுவும் கேட்டது ராப்தான், வித்தியாசம் வரிகளில்.

2003-ல் ஆண்டர்சன் குழுவினர் ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து சோதனைகளை வெளியிட்டார்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவுடன் பகை உணர்ச்சியும் முரட்டு எண்ணங்களும் கூடுகின்றன என்பது முடிவு. தமாஷாகப் பாடப்பட்ட வன்முறைப் பாட்டுக்கும் முரட்டு எண்ணத்தைக் கிளப்புகிற சக்தி இருந்தது. 'அட, அது காமெடிப் பாட்டுங்க' என்று சொல்கிறவர்களுக்காக இதை எப்போதும் சொல்வேன்.

சாஸ் ஊத்துறதும் சேலத்துல ஒரு குடும்பம் நடத்துறதும் ஒண்ணாங்க?

ஒன்றில்லை. நியாயமான கேள்வி. அதெல்லாம் சோதனைக் கூடம், கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், அளந்தது சில நிமிடங்களில் நடப்பதை. பாட்டு ஏற்றிவிட்ட கோபம் அடுத்த நல்ல காரியத்திலேயே கரைந்துபோகலாம் என்று ஆண்டர்சன் குழுவே எழுதியிருக்கிறது.

நாள்கணக்காகப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 1,461 பேரிடம் தொலைபேசியில் மூன்று முறை, 2001 முதல் 2004 வரை, பேசி எடுத்தது. பெண்ணை வெறும் உடம்பாகவும் ஆணை அடங்காத காளையாகவும் காட்டும் வரிகளை அதிகம் கேட்டவர்கள் சீக்கிரமே பாலுறவில் இறங்கினார்கள். காதலும் உடலும் பேசினாலும் இழிவு செய்யாத பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு இல்லை. நம் ஊரில் 'ஆபாசம், ஆபாசம்' என்று கத்துகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இடைஞ்சல் உடம்பைப் பற்றிப் பேசுவதில் இல்லை, ஒரு ஆளைக் கேவலப்படுத்துவதில் இருக்கிறது. ஆனால் இதுவும் 'இதனால் அது' என்று அடித்துச் சொல்கிற ஆய்வு இல்லை. ஏற்கெனவே அப்படி நினைக்கிற பையன் அப்படிப்பட்ட பாட்டைத் தேடிப் போயிருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். 2019-ல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம், கொலை, ரத்தம் என்று அலறும் 'டெத் மெட்டல்' என்ற இசையின் ரசிகர்களைச் சோதித்தது. மற்றவர்களைப் போலவே அவர்கள் மனதும் வன்முறைப் படங்களைக் கண்டால் திடுக்கிடத்தான் செய்தது, மரத்துப்போகவில்லை. பாட்டு கேட்கிறவன் எல்லாம் கல்நெஞ்சன் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பேச்சு என்கிறீர்களா? நம் நாட்டில் நிலைமை ஏற்கெனவே எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சரியாகச் சமைக்காதது மாதிரி ஏழு காரணங்களைப் படித்துக் காட்டி, இதற்கெல்லாம் புருஷன் பெண்டாட்டியை அடிக்கலாமா என்று கேட்டார்கள். ஏதாவது ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள். பெண்களே அதிகம்! இந்த எண்ணத்தைப் பாட்டு உண்டாக்கவில்லை. ஆனால் பாட்டைத் தீப்பொறி என்று வைத்துக்கொண்டால், ஈர விறகுக் குவியல் வேறு, காய்ந்த விறகுக் குவியல் வேறு, நம்முடையது காய்ந்தது.

வரிய யாருங்க கவனிக்கிறா? பீட்டுக்குத்தான் ஆடுறோம்.

பையன்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். உடனே நான் ஒரு பாட்டின் முதல் வரியைச் சொல்லி நிறுத்துவேன். அடுத்த வரியை மொத்த வகுப்பும் சொல்லும். கவனிக்காமலா?

மனப்பாடம் பண்ண உட்கார்ந்தால் ஏறாதது, மெட்டில் வந்தால் தானாக ஏறிவிடும். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்த நம் ஊர் வாத்தியார்களுக்கு இது தெரியும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும் என்பதை 1977-லேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பல முறை உறுதியான விஷயம் அது. 'பொண்ணுங்க காசு பார்த்துத்தான் வருவாங்க' என்பதை நண்பன் ஒரு முறை சொன்னால் சண்டைக்குப் போகலாம். பாட்டு அதையே வாரத்துக்கு எத்தனை முறை சொல்கிறது? ரீல்ஸில் பதினைந்து விநாடித் துண்டாக வெட்டி வைத்திருப்பதும் பெரும்பாலும் அந்த வரியைத்தான்.

வகுப்பில் நான் செய்யச் சொல்கிற ஒரு சின்னப் பயிற்சி உண்டு. பாட்டை ராகமில்லாமல், ஐந்து ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒரு பெண்ணிடம் நேரில் சொல்வதாக நினைத்து, பேச்சுக் குரலில் வாசிக்க வேண்டும். முதல் இரண்டு வரிக்குச் சிரிப்பு வரும். அப்புறம் வாசிக்கிறவனே 'மேடம், இது வேணாம்' என்பான். துரத்தல் பாட்டில்தான் இது அதிகம் நடக்கிறது. ராகத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது போலீஸ் புகாரில் எழுதுகிற வாசகம் மாதிரி இருக்கும்.

பீட்டுக்கு மட்டும் சக்தியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1991-ல் ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசையை வைத்து நடந்த ஒரு ஆய்வில், வரிகள் பாலியல் வன்முறையாக இருந்தாலும் சரி, கிறிஸ்தவ பக்தியாக இருந்தாலும் சரி, கேட்ட ஆண்களின் பெண்கள் பற்றிய எண்ணம் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் ஆனது.

கேட்டா கோபம் வடிஞ்சிடுதுன்னு என் பையன் சொல்றானே?

பாதி சரி, பாதி சரியில்லை. 2002-ல் புஷ்மன் என்ற ஆய்வாளர், கோபமூட்டப்பட்ட மாணவர்களைக் குத்துச்சண்டைப் பையில் குத்த விட்டார். கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைந்தது. விட்டுப் போன பெண்ணையே நினைத்துக்கொண்டு அவளைத் திட்டும் பாட்டை ராத்திரி முழுக்க ஓட விடுவதும் இந்தக் கணக்குத்தான்.

ஆனால் 2015-ல் குயின்ஸ்லாந்தில் நடந்த ஒரு சிறு ஆய்வில், கடுமையான இசையை விரும்பிக் கேட்கிறவர்கள் கோபத்தில் இருக்கும்போது அதையே கேட்டால் மனம் ஆறியது. ஆகவே சத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டு ஒரு ஆளைக் குறி வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்க காலத்துப் பாட்டெல்லாம் எவ்வளவு கௌரவமா இருந்துச்சு! இப்பதானே இப்படிக் கெட்டுப்போச்சு?

ஐயா, சேலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லக் கூடாது.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அங்கிருந்து 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யில், மு. கருணாநிதி வசனம் எழுதிய படத்தில், ஒரு பாட்டு உண்டு. கணவன் மனைவியைக் கனிவாகக் கூப்பிட்டு மலை உச்சிக்கு அழைத்துப் போவான். கூப்பிடுகிற குரலில் அவ்வளவு இனிமை. அவன் நோக்கம் அவளைக் கீழே தள்ளுவது! இன்றைக்கும் இது காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாண மண்டபத்தில் போடுகிறார்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

ஆனால் அந்தப் படம் அவளைச் சாக விடாது. கடைசியாக மூன்று முறை சுற்றி வந்து வணங்க அனுமதி கேட்டு, பின்னால் வந்ததும் அவள்தான் அவனைத் தள்ளுவாள். குண்டலகேசிக் காப்பியத்தின் கதை அது. இனிமையான பாட்டுக்குள் கொலை இருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு அந்தப் படம் காட்டிவிட்டது. எனக்கு அதுதான் வித்தியாசம். ஒரு பாட்டில் ஒரு கெட்டவன் பாடலாம், கதை அவனைக் கெட்டவன் என்று சொன்னால் போதும். இப்போது அதே வரிகளை நாயகன் பாடுகிறான், கேமரா அவன் பக்கம் நிற்கிறது, கைதட்டல் அவனுக்கு.

மற்றபடி பழைய காலம் சுத்தம் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகளிலேயே நாயகனும் நண்பர்களும் பூங்காவில் பெண்ணை வளைத்துக்கொண்டு கேலி பண்ணுவார்கள். திமிர் பிடித்த படித்த பெண்ணை அடக்குவது எழுபதுகளில் ஒரு தனி ரகம். அதற்கும் முன்னால் போனால், பெண் உடம்பை அருவருப்பாகப் பழிக்கிற வரிகள் சித்தர் பாடல்களிலேயே கிடைக்கும், அதைப் பக்தியோடு படிக்கிறோம். கெட்டுப்போனது நேற்று இல்லை. முன்பு வாரம் ஒரு முறை கொட்டகையில் கேட்டதை இப்போது காதுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கேட்கிறோம்.

கானா, ராப்னா மட்டும் வந்துடுறீங்க. மெலடிய ஏன் விட்டுடுறீங்க?

இதைக் கேட்ட பையனுக்குக் கை கொடுத்தேன். கேரி ஃபிரைட் என்ற ஆய்வாளர் 1996-ல் ஒரு வேலை செய்தார். வன்முறை வரிகள் கொண்ட ஒரு பழைய நாட்டுப் பாட்டை எடுத்தார். ஒரு கூட்டத்திடம் இது ராப் என்றார், இன்னொரு கூட்டத்திடம் கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு என்றார். வரிகள் அதேதான். ராப் என்று நினைத்தவர்கள்தான் அதை ஆபத்தானது என்றும், எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். பாடுகிறவன் கறுப்பன் என்று சொன்னாலும் அதே கதை.

நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. குடிசைப் பகுதிப் பையன் தப்படித்துப் பாடினால் 'கலாச்சாரம் போச்சு'. அதே சரக்கைப் பெரிய இசையமைப்பாளர் வெளிநாட்டு மலையில் வைத்து எடுத்தால் 'என்ன ஒரு கம்போசிஷன்!' வரியை வைத்து எடை போடுவதானால் எல்லோருக்கும் ஒரே தராசு வேண்டும்.

என் பொண்ணே அந்தப் பாட்டை ரசிச்சுப் பாடுறாளே? ஸ்டேட்டஸ் வேற வைக்கிறா.

பாட்டு நன்றாக இருந்தால் அவளும் பாடத்தான் செய்வாள். அதற்காக அவளை அதட்டாதீர்கள். ஆனால் யோசிக்க வேண்டிய இடம் இது. ஆண்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்றே எல்லோரும் பேசுகிறோம், பெண் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறாள்?

1995-ல் அமெரிக்காவில் 11 முதல் 16 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சில ராப் வீடியோக்கள் காட்டினார்கள். வன்முறை எதுவும் இல்லை, பெண்கள் அடங்கிய இடத்தில் மட்டும் வந்தார்கள். பிறகு, காதலன் காதலியை அடிக்கிற ஒரு கதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். வீடியோ பார்த்த பெண்கள், பார்க்காத பெண்களைவிட அதைச் சகஜமாக எடுத்துக்கொண்டார்கள். பையன்களிடம் வித்தியாசம் இல்லை. இந்த ஒரு ஆய்வு எனக்குக் கொடுத்த உறுத்தலை மற்ற எதுவும் கொடுக்கவில்லை.

துரத்தல் பாட்டு அவளுக்குச் சொல்வது என்ன? பொறாமைப்பட்டால் பாசம். போனைப் பிடுங்கிப் பார்த்தால் உரிமை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து நிற்கிறான் என்றால் உண்மையான காதல். நிஜத்தில் ஒருவன் அப்படி வந்து நிற்கும்போது அவளுக்குப் பயம் வருவதற்கு முன்னால் ஒரு பெருமை வந்துவிடுகிறது. வீட்டில் சொல்வது தள்ளிப்போகிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமிழ் சினிமா துரத்தலைக் காதலாகக் காட்டுவது பற்றித் தமிழ்நாடே பேசியது. சில மாதங்களில் அடங்கிவிட்டது.

பொண்ணிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று போதும்: 'இந்தப் பாட்டுல அவ வாய தொறந்து ஏதாச்சும் சொல்றாளா கண்ணு?'

வார லீவுல ஏற்காட்டுக்கு வர்ற வண்டிங்க, எஸ்டேட் வேலைக்குப் போற எங்களைப் பார்த்தா பாட்டைச் சத்தமா வெச்சுட்டுக் கூடவே பாடுறாங்க. இதுக்கெல்லாம் புகார் குடுக்க முடியுமா?

முடியும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வண்டி மெதுவாகும், அங்கேதான் இது நடக்கிறது என்று காப்பித் தோட்டத்துப் பெண்கள் சொல்கிறார்கள். பாட்டைக் கேடயமாக வைத்துக்கொள்வதுதான் இதில் தந்திரம். 'நான் உன்னையா சொன்னேன், பாட்டுதானே பாடினேன்' என்பான்.

சட்டம் அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. பொது இடத்தில் மற்றவருக்குத் தொந்தரவாக ஆபாசப் பாட்டுப் பாடுவதே குற்றம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு பெண்ணை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், சத்தம், சைகை எதைக் காட்டினாலும் 79-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. அவள் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்ந்தால் 78-வது பிரிவு. பாட்டில் காதலாக இருப்பது இங்கே குற்றமாக எழுதியிருக்கிறது, பையன்களுக்கு வாசித்துக் காட்டினால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்தது. முதலில் ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் என்று பெயர், பிறகு பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஆனது. அதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பேருந்தில் நடந்தால், பெண் புகார் சொன்னதும் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடமை அவர்களுடையது, தயவு இல்லை.

வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112, என்ன செய்வது என்று பேச 181.

சென்சார்னு ஒண்ணு இருக்கே, அவங்க என்னதான் பண்றாங்க?

தியேட்டரில் ஓடும் படத்துக்குள் இருக்கும் பாட்டுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். யூடியூபில் நேரடியாக விடுகிற ஆல்பம் பாட்டுக்கு அது கிடையாது. 2015 டிசம்பரில், கெட்ட வார்த்தையை 'பீப்' ஒலியால் மறைத்த 'பீப் பாட்டு' என்று ஒன்று இணையத்தில் கசிந்து, மாதர் அமைப்புகள் தெருவுக்கு வந்து, கோவையில் வழக்குப் பதிவானது ஞாபகம் இருக்கலாம்.

தடை போடுங்கள் என்று நான் கேட்பதில்லை. தடை பாட்டுக்கு விளம்பரம். அமெரிக்காவில் 1985-ல் பெற்றோர் குழு ஒன்று போராடி ஆல்பங்களின் மேல் எச்சரிக்கை ஒட்ட வைத்தது. அந்த ஸ்டிக்கர் இருந்தால்தான் கெத்து என்று பையன்கள் தேடி வாங்கினார்கள்.

அப்ப நல்ல பாட்டுக் கேட்டா நல்லவனாயிடுவானா?

கொஞ்சம். மிளகாய் சாஸ் சோதனை செய்த அதே கிரைட்டமையர், பிறகு ஆண் பெண் சமத்துவம் பேசுகிற பாட்டுகளை வைத்துச் சோதித்தார். கேட்டவர்கள் பெண்களிடம் நடந்துகொண்ட விதமும் அவர்களைப் பற்றிய எண்ணமும் கொஞ்சம் மேம்பட்டன. இதுவும் குறுகிய நேரக் கணக்குத்தான். கெட்ட பாட்டின் விளைவை நம்புகிறவர்கள் நல்ல பாட்டின் விளைவையும் அதே அளவுக்கு நம்பலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நான் இந்தப் பாட்டெல்லாம் கேக்கிறேன். அப்ப நான் கெட்டவனா அக்கா?

இல்லப்பா. கேளு. உன் தங்கச்சி கூட உட்கார்ந்து கேட்க முடியாத வரி எது என்று உனக்கே தெரியும். அதை மட்டும் குரூப்பில் போடாதே.

அவன் போன்ல இருக்கிற பிளேலிஸ்டை நான் அழிச்சிடட்டுமா?

பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிக்கொள்வான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திக்கொள்வான். அதற்குப் பதில் வண்டியில் போகும்போது அவன் பாட்டைப் போடச் சொல்லுங்கள், நீங்களும் கேளுங்கள். உறுத்தினால் 'என்னடா இப்படிச் சொல்றான்' என்று சாதாரணமாகக் கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம். வீட்டில் அப்பா இதைக் கேட்டால் அம்மா கேட்பதைவிட நன்றாக எடுபடுகிறது என்பது என் அனுபவம். அப்பாவே அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், என்னிடம் பதில் இல்லை.

ஆடி மாசத் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வெக்கிறோம், ஸ்கூல்ல ஆண்டு விழாவும் வருது. என்ன பண்ணலாம்?

பள்ளி ஆண்டு விழாவில் ஏழு வயதுப் பிள்ளைகளை எந்தப் பாட்டுக்கு ஆட விடுகிறோம் என்று பார்த்தால் தலை சுற்றும். ஆட்டம் பழக்குகிற மாஸ்டர், ஹிட் ஆன பாட்டைத்தான் எடுப்பார். பழக்க ஆரம்பிக்கும் முன்பே வரிகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், தமிழாசிரியரோ வகுப்பு ஆசிரியரோ ஒரு முறை வாசித்தால் போதும். துணி தைத்த பிறகு சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

ஆர்கெஸ்ட்ராவுக்கும் அப்படித்தான். கோட்டை மாரியம்மன் பண்டிகைச் சமயத்தில் ஊரில் தெருவுக்குத் தெரு மேடை. விழாக் குழுவில் பெரும்பாலும் ஆண்கள்தான், பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புவதும் மேடைக்கு முன்னால் நிற்கிற பையன்கள்தான். குழுவில் இரண்டு பெண்களைச் சேர்த்து, பாட்டு லிஸ்டை அவர்கள் கையில் கொடுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே லிஸ்டைப் பேசி முடித்துவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேடையில் போய்ச் சொன்னால் பாடகர் உங்களைப் பார்க்கக்கூட மாட்டார்.